16 வயதில் மாடலிங்: அனுப்பலாமா, 18 ஆகட்டுமா?

பிளஸ்1_அம்மா:
மகளுக்கு 16 வயது. ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரத்துக்குக் கேட்கிறார்கள். நடுவில் இருக்கும் ஏஜென்சி, முதலில் 40,000 ரூபாய்க்கு போர்ட்ஃபோலியோ (வாய்ப்பு கேட்கக் காட்டும் படத் தொகுப்பு) எடுக்கச் சொல்கிறது. அவள் அப்பா பிளஸ் டூ முடியட்டும் என்கிறார். எனக்கு அனுப்ப ஆசைதான்.

லென்ஸ்காரன்:
தாராளமாக அனுப்புங்கள். அந்த 40,000 மட்டும் வேண்டாம். ஒழுங்கான ஏஜென்சி வேலை வாங்கிக் கொடுத்து, வருகிற பணத்தில் கமிஷன் எடுக்கும். படத்துக்கு மொபைலே போதும். வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சம், மேக்கப் இல்லாத முகம், பின்னால் கட்டிய முடி. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்தில் ஒன்று. உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்து எழுதுங்கள். வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1988இல் நியூயார்க் விமான நிலையத்தில் ஏஜென்சிக்காரர் கண்ணில் பட்டபோது, பின்னால் பிரிட்டனின் சூப்பர் மாடலான கேட் மாஸுக்கு 14 வயதுதான்.

பழைய_ரேம்ப்:
பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்களே சார். 15 வயதில் ஒரு படப்பிடிப்பில் போட்டோகிராஃபர் தகாதபடி நடந்ததால் பயந்து ஓடிவந்ததை 2022இல் பிபிசி வானொலியில் கேட் மாஸே சொன்னார். பெரிய கம்பெனிகளே இன்று பின்வாங்குகின்றன. 2017இல் பிரான்ஸின் பெரிய ஆடம்பர ஃபேஷன் கம்பெனிகளான கெரிங்கும் எல்விஎம்ஹெச்சும் பெரியவர்களுக்கான உடைகளுக்கு 16க்குக் கீழே மாடல் வேண்டாம் என்றன. 2019இல் குச்சி (Gucci) பிராண்டின் தாய் நிறுவனமான கெரிங், அடுத்த ஆண்டிலிருந்து 18 என்று உயர்த்தியது. காரணம் இல்லாமலா?

லென்ஸ்காரன்:
எல்விஎம்ஹெச் 16லேயே நின்றதே, அதை ஏன் விட்டீர்கள்? பாரிஸ் ரேம்ப் வேறு, பட்டுப்பாவாடை விளம்பரம் வேறு. இங்கே இடுப்பு அரை அங்குலம் கூடியதற்காக யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அம்மா கூடவே உட்கார்ந்திருந்தால் போதும்.

பழைய_ரேம்ப்:
அம்மாவை வெளியே உட்காரச் சொல்லும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் அந்த நிமிஷமே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அட்வான்ஸ் போனாலும் சரி.

கருப்புக்_கோட்டு:
இருவரும் சட்டத்தையும் ஒப்பந்தப் பேப்பரையும் மறந்துவிட்டீர்கள். குழந்தைக் கலைஞர்களுக்கான 2017 மத்திய விதிப்படி ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். ஆனால் அது 14 வயது நிறையாதவர்களுக்கு. உங்கள் மகளுக்கு அந்தக் கட்டாய டெபாசிட் கிடையாது, நீங்களாகப் போட்டால்தான் உண்டு.
அடுத்து, 18 நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1903இல், அன்று நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் அதேதான். அதனால் உங்களிடம்தான் கையெழுத்து கேட்பார்கள், பொறுப்பும் உங்கள் தலையில். படத்தை எத்தனை மாதம், எங்கெங்கே பயன்படுத்துவார்கள் என்று அதில் இருக்கிறதா? போட்டிக் கடைக்கு நடிக்கக் கூடாது என்று எத்தனை வருடத்துக்குக் கட்டிப்போடுகிறார்கள்?

பிளஸ்1_அம்மா:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "எல்லா ஊடகங்களிலும், கால வரம்பின்றி" என்று இருக்கிறது.

கருப்புக்_கோட்டு:
அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிப் பணம் என்று மாற்றச் சொல்லுங்கள்.

லென்ஸ்காரன்:
இதில் நானும் வக்கீல் பக்கம். நல்ல கடை என்றால் மாற்றித் தருவார்கள்.

பழைய_ரேம்ப்:
மாற்றித் தந்தாலும் 18 வரை பொறுக்கலாம் என்பதுதான் என் கட்சி. மகளுக்கு உண்மையிலேயே இஷ்டமா என்று இதுவரை யாரும் கேட்கவில்லையே?

பிளஸ்1_அம்மா:
கேட்டேன். அரையாண்டுப் பரீட்சைத் தேதியோடு மோதவில்லை என்றால் போகிறாளாம்.