கோட்டத் திருத்தம்: இயங்கு தொடர்குழு மாதிரிகளுக்கு ஒரு சொல்

> ‘சாய்வு நீக்கம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

ஐயா, ‘bias correction’ என்பதற்கு நான் முன்வைத்த ‘கோட்டத் திருத்த’த்துக்குப் பதிலாக இதைச் சொல்கிறீர்கள். வேறொன்றாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. பள்ளிக் கணக்கில் நேர்க்கோட்டின் சாய்வைப் படித்தவர் இதையும் அதுவென்றே எடுத்துக்கொள்வார். நாம் பேசும் இயங்கு தொடர்குழு மாதிரியில் (dynamic panel model: அதே ஆட்களை ஆண்டுதோறும் அளந்த தரவுக்கானது) மதிப்பிடப்படுவதே ஒரு சாய்வுக் கெழு. கடைசியில் ‘சாய்வின் சாய்வு’ என்று எழுத வேண்டிவரும். ‘பிழை’யும் ஆகாது. அது சமன்பாட்டின் கடைசி உறுப்புக்கு எப்போதோ போய்விட்டது. பிழை இருபுறமும் சிதறும். நமக்கு வேண்டியது, எத்தனை முறை தரவு திரட்டினாலும் சராசரியில் ஒரே பக்கம் இழுக்கும் விலகலுக்கு ஒரு பெயர்.

குறளிலேயே அது இருக்கிறது. துலாக்கோல்போல ‘ஒருபால் கோடாமை’ என்கிறது 118ஆம் குறள்; அடுத்ததில் ‘சொற்கோட்டம்’, ‘உட்கோட்டம்’. கோட்டம், கோடிய மதிப்பீடு, கோடா மதிப்பீடு, கோடாமை என்று வேண்டிய வடிவமெல்லாம் ஒரே வேரில் கிடைக்கிறது. கலைச்சொல்லுக்கு இதைவிட என்ன வேண்டும்?

‘நீக்கம்’ என்பதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். இயங்கு மாதிரியில் இந்த ஆண்டு மதிப்பை விளக்கப் போன ஆண்டு மதிப்பே வலப்பக்கம் நிற்கிறது. ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறாத நிலைத்த விளைவை அகற்ற, ஒவ்வொருவரின் சராசரியையும் கழிக்கிறோம். அந்தச் சராசரிக்குள் எல்லா ஆண்டுப் பிழைகளும் கலந்திருக்கின்றன. ஆகவே கழித்த பிறகு போன ஆண்டு மதிப்புக்கும் பிழைக்கும் ஒட்டுறவு (correlation) வந்துவிடுகிறது. கெழு கீழே இறங்குகிறது. பொருளியலாளர் ஸ்டீபன் நிக்கல் 1981இல் இதன் அளவைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆட்களை லட்சக்கணக்கில் கூட்டினாலும் இது மறையாது. ஆண்டுகள் கூடினால்தான் குறையும்.

உண்மைக் கெழு 0.5, ஆண்டுகள் 10, ஆட்கள் ஏராளம், தொடர் நிலைபெற்றது (சராசரியும் சிதறலும் காலத்தோடு மாறாதது) என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு ஏறக்குறைய 0.34தான் வரும். அதே தரவை ஐந்தைந்து ஆண்டாக இரண்டாக வெட்டினால் ஒவ்வொரு பாதியும் 0.17 அளவில் நிற்கும். முழுமையின் மதிப்பீட்டை இரட்டித்து, பாதிகளின் சராசரியைக் கழியுங்கள்: 0.68 – 0.17 = 0.51. கோட்டத்தின் முதன்மைப் பகுதி போய்விட்டது, ஆனால் 0.01 மிச்சம். ஆண்டுகள் மிகவும் குறைந்தால் மிச்சம் பெரிதாகும். இதை ‘நீக்கம்’ என்று எப்படிச் சொல்வது? ‘திருத்தம்’ என்றால் சரியாக இருக்கிறது.

> ‘மதிப்பீட்டுக் கோட்டம்’ என்று பார்ப்பவர் வரி அலுவலகம் என்று நினைக்க மாட்டாரா? வருவாய்க் கோட்டம் இருக்கிறதே.

நினைப்பார், சிரிப்பும் வரும். ஆனால் அந்தக் குழப்பம் தலைப்போடு முடிந்துவிடும். முதல் சமன்பாட்டைக் கண்டதுமே தெளிந்துவிடுவார். ‘சாய்வு’ தரும் குழப்பமோ ஒவ்வொரு வரியிலும் கூடவே வரும். தலைப்பில் உறுத்தினால் ‘கோடிய மதிப்பீட்டைத் திருத்தல்’ என்று விரித்து எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று. பொருளியலாளர்கள் அரெல்லானோவும் பாண்டும் 1991இல் தந்த முறையையும் இந்தத் தலைப்பின்கீழ் போடச் சொல்லியிருந்தீர்கள். அது வேறு வழி. அங்கே அடுத்தடுத்த ஆண்டுகளின் வேறுபாடு எடுத்து, பழைய ஆண்டு மதிப்புகளைக் கருவி மாறிகளாக (பிழையோடு ஒட்டுறவில்லாத துணை மாறிகளாக) வைத்து, அந்த ஒட்டுறவைச் சுற்றிப் போகிறார்கள். கோடிய மதிப்பீட்டைக் கையில் எடுத்துத் திருத்துவதில்லை. நிக்கலின் விலகலைக் கணித்துக் கழிக்கும் முறைகளுக்கும், மேலே காட்டிய பாதிப்பகுப்புக்கும் மட்டும் ‘கோட்டத் திருத்தம்’ என்று வைத்துக்கொண்டால் சொல்லுக்கு எல்லை இருக்கும்.

‘தொடர்குழுத் தரவு’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அதே ஆட்கள், மீண்டும் மீண்டும் அளக்கப்படுபவர்கள் என்ற இரண்டும் அதில் வந்துவிடுவதால் எடுத்தேன். ‘பலகைத் தரவு’ மட்டும் வேண்டாம் ஐயா.