மதுரவாயல் க்ளோவர்லீஃப்ல லேன் படத்தையும் அம்புக்குறியையும் எப்படி படிக்கறது?

பூந்தமல்லிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கார் வாங்கி எட்டு மாசம் ஆச்சு, போரூர், ஐயப்பந்தாங்கல், வளசரவாக்கம் வரைக்கும் நல்லாவே ஓட்டறேன், ஆனா மதுரவாயல் பாலம் வந்துட்டா கை சில்லுன்னு ஆயிடுது. போன ஞாயிறு தாம்பரத்துல தங்கச்சிக்கு வளைகாப்பு. அம்மா பின் சீட்ல மடியில சீர்த்தட்டோட உக்காந்திருக்காங்க, பூந்தமல்லிலேந்து வர்றப்ப தாம்பரம் நமக்கு வலது பக்கம் தானே, அதனால நான் வானகரத்துலேந்தே வலது லேன்ல ஒட்டிகிட்டு வந்தேன். வலது பக்கம் திரும்ப வழியே இல்ல! நேரா நெற்குன்றம் தாண்டி கோயம்பேடு கிட்ட போய் தான் யூ-டர்ன் கிடைச்சுது. மறுபடி வானகரம் வரைக்கும் போய் திரும்பி வந்து, இந்த தடவை இடது பக்கம் முதல்ல தெரிஞ்ச வளைவுல இறங்கினேன், அது அம்பத்தூர் பக்கம் கொண்டு போய் விட்டுடுச்சு. வளையல் போட்டு முடிச்ச பிறகு தான் வீட்டுக்குள்ள நுழைஞ்சோம், அம்மா ஒரு வார்த்தை பேசல, அது தான் இன்னும் உறுத்துது.

கேள்வி இது தான். மேப்ல பெருசு பண்ணி பாத்தா நாலு எலை மாதிரி ஒரு படம் இருக்கு, க்ளோவர்லீஃப்னு சொல்றது இத தான், அதுல நான் போக வேண்டிய கோடு எது? மேல தொங்கற பச்சை போர்டுல சில அம்பு கீழ பாக்குது, சிலது சாய்வா மேல பாக்குது, என்ன வித்தியாசம்? ரோடு பிரியற இடத்துல வெள்ளையா பட்டை பட்டையா ஒரு முக்கோணம் போட்டிருக்கே, அது மேல ஏறலாமா கூடாதா?

டெம்போ அண்ணாச்சி

தம்பி, இருபது வருஷமா வேன் ஓட்டறேன், கத்திப்பாரா பாலம் 2008ல திறந்தப்ப எங்க ஸ்டாண்டுல பாதி பேரு உங்கள மாதிரி தான் தடுமாறினோம். அதுக்கு முன்னாடி நேரு சிலைய பாத்து ரவுண்டானா சுத்தி பழகின கண்ணு, புதுசா எலை எலையா ரோடு வந்தா குழம்பாம என்ன பண்ணும்.

ஒண்ணு மட்டும் மனசுல போட்டுக்குங்க. நாலு எலை பாலத்துல வலது பக்கம் போறதுக்கும் இடது பக்கமா தான் இறங்கணும். வலது லேனுக்கு அங்க வேலையே இல்ல, அது நேரா போறவனுக்கு. பூந்தமல்லிலேந்து வர்றப்ப, தாம்பரத்துலேந்து அம்பத்தூர், புழல் பக்கம் போற பைபாஸ் ரோடு குறுக்க வெட்டற இடத்துக்கு முன்னாடி ஒரு இடது பிரியும், அது அம்பத்தூர், புழல் போறதுக்கு. அத விட்டுட்டு பைபாஸை தாண்டினதும் ரெண்டாவது இடது வரும், அதுல ஏறினா முக்கா வட்டம் இடது பக்கமாவே சுத்தி தாம்பரம் பாத்து கொண்டு போய் விடும். மேப்ல அந்த எலை மாதிரி தெரியுதே, அது இந்த சுத்து தான். சுத்தறப்ப வேகத்த நல்லா குறைச்சுக்குங்க, வளைவு இறுக்கமா இருக்கும், லோடு வண்டி பின்னாடி நெருக்கினாலும் பதறாதீங்க. சர்வீஸ் ரோட்டுக்கு பிரியறதும் இடது பக்கம் தான், அத ஒரு இடதுன்னு கணக்குல சேத்துடாதீங்க, போர்டுல ஊர் பேர பாத்துட்டு திரும்புங்க.

இன்னொண்ணு, கோயம்பேட்டுலேந்து யூ-டர்ன் போட்டு திரும்பி வந்தீங்களே, அப்ப தாம்பரம் உங்களுக்கு நேர் இடது கை. பாலத்துக்கு முன்னாடி வர்ற முதல் இடதுலயே இறங்கியிருந்தா வளைகாப்புக்கு நேரத்துக்கு போயிருப்பீங்க. அம்மாகிட்ட இத சொல்ல வேணாம்.

சைட் இன்ஜினியர்

ரோடு மார்க்கிங் வேலைல இருக்கேன், அதனால கோடு பத்தி நான் சொல்றேன். நம்ம நாட்டுல ரோட்டுல போடற கோட்டுக்கு ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 35, போர்டுக்கு ஐஆர்சி 67, இந்த ரெண்டு புக்க வச்சு தான் வரையறோம்.

அம்பு விஷயம். லேனுக்கு நேரா மேல தொங்கி கீழ பாக்கற அம்பு, அந்த லேன்ல இருக்கறவங்களுக்கான ஊர் இதுன்னு சொல்லுது, நீங்க எந்த அம்புக்கு அடியில இருக்கீங்களோ அந்த ஊருக்கு தான் போறீங்க. சாய்வா மேல பாக்கற அம்பு, இங்க பிரியுது, பிரிஞ்சா இந்த ஊர்னு அர்த்தம். ரோட்டுல தரையில போட்ட அம்பு ரெண்டு முனையோட இருந்தா, ஒண்ணு நேரா ஒண்ணு இடது, அந்த லேன்லேந்து ரெண்டுக்கும் போகலாம். ஒரே முனை இடது பக்கம் மட்டும்னா அந்த லேன் பிரிஞ்சு போயிடும், நேரா போறவங்க அதுக்கு முன்னாடியே மாறிடணும்.

விட்டு விட்டு போட்ட கோடுன்னா பாத்து தாண்டலாம், விடாம போட்ட கோடுன்னா தாண்டக்கூடாது. நீங்க கேட்ட பட்டை முக்கோணம், அது மேல வண்டி ஏறவே கூடாது. ரெண்டு பக்கமும் வண்டி வேகமா பிரியற இடம் அது, நடுவுல எதுவும் இருக்காதுன்னு நம்பி தான் எல்லாரும் வர்றாங்க. வழி தப்பினவங்க அதுல நிறுத்தி மேப் பாக்கறது, இன்னும் மோசம், ரிவர்ஸ் எடுக்கறது, ராத்திரி பெயின்ட் போட நிக்கறப்ப கண்ணால பாத்திருக்கேன், அடிவயிறு கலங்கிடும். நீங்க தப்பா போனாலும் நிக்காம போய் யூ-டர்ன் போட்டீங்களே, அது தான் சரி.

அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேத்துக்குங்க. நாலு எலை டிசைன்ல எப்பவும் உள்ள சிக்கல் ஒண்ணு இருக்கு. நீங்க ரெண்டாவது இடதுக்காக இடது லேனுக்கு வர்ற அதே சின்ன இடத்துல, தாம்பரத்துலேந்து வந்து கோயம்பேடு போறவங்க அவங்க எலைய சுத்தி முடிச்சு உங்க ரோட்டுக்குள்ள நுழைவாங்க. அவங்க உள்ள வரணும், நீங்க வெளிய போகணும், ரெண்டு பேரும் பின்னல் மாதிரி மாறிக்கணும். வீவிங்னு சொல்வோம். அதனால முதல் இடது தாண்டின உடனே இடது கண்ணாடிய பாருங்க, இண்டிகேட்டர் போட்டுட்டு ஒரு வண்டிக்கு வழி விட்டு அடுத்ததுக்கு முன்னாடி நுழைங்க. படத்துல இது ஒரு சின்ன கோடு தான், ஆனா பயம் வர்ற இடமே அங்க தான்.

பர்மிங்ஹாம் அம்பத்தூரான்

அம்பத்தூர்ல பொறந்து வளந்தவன், இப்ப இங்கிலாந்துல இருக்கேன், இங்கயும் வண்டி இடது பக்கம் தான். எம்6 மோட்டர்வேல ஆறாவது ஜங்ஷன், 1972ல திறந்தது, ஸ்பகெட்டி ஜங்ஷன்னு எல்லாரும் சொல்வாங்க, மேல கீழன்னு சேமியா மாதிரி ரோடு. முதல் தடவை போனப்ப எனக்கும் உங்க நிலைமை தான். ஆனா இங்க குறிகள் ஒரே மாதிரி இருக்கறதால ஒரு வாரத்துல பிடிபட்டுடுச்சு.

பிரியற இடத்துக்கு முன்னாடி நீல பலகைல மூணு வெள்ளை பட்டை, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. பிரியற இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு அது சொல்லுது, ஒரு பட்டைக்கு 100 கஜம், கிட்டத்தட்ட 90 மீட்டர். எத்தனாவது ஜங்ஷன்னு கறுப்பு கட்டத்துல வெள்ளை நம்பர் இருக்கும். ரோடு நம்பர் அடைப்புக்குறிக்குள்ள இருந்தா, அந்த ரோடு இங்க இல்ல, இது வழியா போனா வரும்னு அர்த்தம், இது தெரியாம நான் ஒரு நாள் ரொம்ப தூரம் போயிட்டேன். லேன் கோடு திடீர்னு குட்டையா தடிமனா மாறினா அந்த லேன் உங்கள விட்டு பிரியப்போகுது. ராத்திரில பூனைக்கண்ணு கல்லு, அதான் ரோட்டுல பதிச்சு ஹெட்லைட் பட்டா மின்னுமே, அது இன்னும் உதவி: இடது ஓரம் சிவப்பு, நடுத்தடுப்பு பக்கம் ஆரஞ்சு, லேனுக்கு நடுவுல வெள்ளை, ரோடு பிரியற வாய்ல பச்சை. மழைல கோடே தெரியாத ராத்திரி அந்த பச்சைய பாத்து தான் வீடு வந்து சேந்திருக்கேன்.

உங்களுக்கு என் யோசனை, கிளம்பறதுக்கு முன்னாடி படத்தை பேப்பர்ல நீங்களே ஒரு தடவை வரைங்க. மேப்ல வடக்கு மேல இருக்கும், நீங்க கிழக்கு பாத்து வர்றீங்க, அதனால தான் குழம்புது. பேப்பரை திருப்பி, நீங்க வர்ற ரோடு கீழேந்து மேல போற மாதிரி வச்சு பாருங்க.

பூந்தமல்லிக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அப்பாவோட பழைய காலண்டர் தாள் பின்னாடி வரைஞ்சேன், திருப்பி வச்சதும் பளிச்சுன்னு புரிஞ்சுது, ரெண்டு கிளையும் இடது பக்கம், ரெண்டாவது தான் கொக்கி மாதிரி சுத்துது. இன்னிக்கு காலைல அஞ்சரைக்கு அப்பாவ பக்கத்துல உக்கார வச்சு போனோம். முதல் இடது, அம்பத்தூர்னு அப்பா சத்தமா படிச்சார், விட்டேன். தாண்டினதும் சைட் இன்ஜினியர் சார் சொன்ன மாதிரியே இடது கண்ணாடில ஒரு கம்பெனி பஸ் சுத்தி வந்துகிட்டு இருந்துது, அதுக்கு வழி விட்டு பின்னாடியே நுழைஞ்சேன். சுத்தி முடிச்சு நிமிந்தா தாம்பரம் பாத்து நிக்கறேன். தங்கச்சி வீட்ல காபி குடிச்சுட்டு இப்ப தான் வந்தோம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. தாம்பரத்துலேந்து பூந்தமல்லி திரும்பறப்ப சுத்து எதுவும் இல்லாம முதல் இடதுலயே இறங்கினேன், சரியா வந்துட்டேன், அது அப்படி தானா?

டெம்போ அண்ணாச்சி

அப்படியே தான் தம்பி. போறப்ப வலதுன்னா வர்றப்ப இடது. அடுத்த தடவை அம்மாவ கூட்டிட்டு போங்க.