அப்பா வண்டி ஓட்டுறார், யாரும் போன் பண்ணாதீங்க

குழு: மன்னார்குடி வீடு

*சனி, 27 செப்டம்பர்*

அம்மா (மாலை 5:12): ஸ்பெயின்ல மாட்ரிட் வந்து சேர்ந்தாச்சு. எல்லாரும் நல்லா இருக்கோம்.

அத்தை: அங்க மணி என்ன? இங்க ஒன்பதாகப் போகுது. அகிலன் தூங்கினானா?

யாழினி: இங்க அஞ்சேகால் அத்தை. பிராடோ மியூசியம் வாசல்ல வரிசையில நிக்கிறோம். ஆறுலேருந்து எட்டு வரைக்கும் டிக்கெட் கிடையாது, சும்மாவே போகலாம். வரிசை தெருமுனை தாண்டிப் போகுது.

மாமா: ஓசின்னா உலகம் பூரா இதே கதைதான்.

தாத்தா: யாழினி, உள்ளே சென்றதும் வேறு எதையும் பார்க்காதே. நேராக வெலாஸ்கஸ் வரைந்த லாஸ் மெனினாஸ் படத்துக்குப் போ. முதலில் பத்தடி தள்ளி நில். பிறகு அருகில் போ. இளவரசியின் சட்டைக் கையை மட்டும் கவனி. இப்படிக்கு, தாத்தா.

கார்த்தி: தாத்தா, வாட்ஸ்அப்ல இப்படிக்கு எல்லாம் போட வேணாம்

தாத்தா: பழக்கம்.

யாழினி (இரவு 8:26): [படம்]

யாழினி: உள்ள போட்டோ எடுக்கவே விடல. வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து ஞாபகத்துலேருந்து வரைஞ்சேன். தப்பு இருந்தா திட்டாதீங்க.

யாழினி: தாத்தா, அது எவ்ளோ பெருசு தெரியுமா? உயரம் கிட்டத்தட்ட 320 சென்டிமீட்டர். நம்ம கூடத்துல மாட்டினா சீலிங்கை இடிக்கும். தள்ளி நின்னா சட்டைக் கையில வெள்ளி ஜரிகை மினுங்குது. கிட்ட போனா ஜரிகையும் இல்ல ஒண்ணும் இல்ல. சும்மா வெள்ளையும் சாம்பலுமா இழுத்து விட்டிருக்கார்.

தாத்தா: அதற்காகத்தான் போகச் சொன்னேன். படத்தில் உள்ள சுவர்க் கண்ணாடியில் யார் தெரிகிறார்கள்?

யாழினி: ராஜா நாலாம் பிலிப்பும் ராணி மரியானாவும். நாம நிக்கிற இடத்துல அவங்க நிக்கிற மாதிரி. அகிலன் நெசமாவே திரும்பிப் பின்னாடி பாத்தான்.

தாத்தா: வெலாஸ்கஸ் அதில் தன்னையும் வரைந்திருக்கிறார், அவர் நெஞ்சில் சிவப்புச் சிலுவை இருக்குமே? படம் 1656. அந்தச் சிலுவைக்குரிய பட்டம் அவருக்குக் கிடைத்தது 1659. பிறகு சேர்த்தது அது.

மாமா: பழைய விசிட்டிங் கார்டுல புதுப் பதவியைப் பேனாவால எழுதிக்கிற மாதிரி.

அத்தை: சாப்பிட்டீங்களா யாராவது?

அம்மா: எங்க அண்ணி. ஒன்பது மணிக்கு முன்னாடி இங்க ராத்திரிச் சாப்பாடே கிடையாதாம்.

அத்தை: புரட்டாசி ஞாபகம் இருக்கட்டும். சனிக்கிழமை வேற.

*ஞாயிறு, 28 செப்டம்பர்*

அப்பா (காலை 9:40): [படம்] காலை வணக்கம். டிபன்.

அத்தை: நல்லா இருக்கு. செந்திலு, உனக்குப் பின்னாடி வரிசையா தொங்குதே, அது என்ன? வீணைக் கடையா?

கார்த்தி: அம்மா அது பன்னிக் கால். ஹமோன்னு சொல்வாங்க. உப்புல போட்டு மாசக்கணக்கா தொங்க விடுவாங்க.

அப்பா: காபி குடிக்கத்தான்க்கா உள்ள போனேன்.

அத்தை: தட்டுல ரோஸ் கலர்ல இருக்கறது?

அப்பா: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

அம்மா: நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. நான் சுட்ட ரொட்டியில தக்காளியைத் தேய்ச்சு ஆலிவ் எண்ணெய் ஊத்திச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கு. உப்பு மட்டும் தூவணும்.

அத்தை: பிள்ளைங்க?

அம்மா: டோர்ட்டியா. உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டு அடை கனத்துக்கு.

அத்தை: முட்டை கவுச்சிதான் புரட்டாசியில.

மாமா: கடல் தாண்டிட்டா முட்டை சைவம். விடு.

யாழினி (மதியம் 12:05): தாத்தா!! பிக்காசோ வரைஞ்ச கெர்னிகா முன்னாடி நிக்கிறேன். ரெய்னா சோஃபியா மியூசியம். இங்க போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் கூடாது. [படம்]

தாத்தா: கறுப்பு வெள்ளையில் வந்திருக்கிறது. போனில் கலர் வைத்து எடு.

யாழினி: கலர்லதான் எடுத்தேன் தாத்தா.

யாழினி: [படம்] பாருங்க, அகிலன் சிவப்புச் சட்டை சிவப்பாத்தானே தெரியுது. படமே கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான்.

கார்த்தி (மதியம் 12:40): தாத்தா ரொம்ப நேரமா ஆன்லைன்ல இருக்கார், ஒண்ணும் பேசல.

அத்தை: ஈசிசேர்ல உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கார். காபி ஆறிப் போச்சு.

தாத்தா: [குரல் செய்தி, 1:52]

அம்மா: மியூசியத்துக்குள்ள சத்தமா கேக்க முடியல. யாராவது எழுதுங்க.

கார்த்தி: எழுதறேன். 1984 ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு கெர்னிகாவைப் பசங்களை வெச்சு பதினஞ்சடி காடாத் துணியில வரைஞ்சாராம். கையில இருந்தது நூலகப் புத்தகத்துல உள்ளங்கை அளவு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அச்சகத்துல கலர் செலவை மிச்சம் பிடிச்சுட்டாங்கன்னு நெனச்சாராம். குண்டு போட்ட ஊருன்னா நெருப்பு இருக்குமேன்னு சிவப்பும் ஆரஞ்சுமா அடிக்கச் சொன்னாராம். ஒரு பையன் மட்டும் அவன் பங்கு குதிரையைச் சாம்பல்லயே விட்டுட்டான். சோம்பேறின்னு மார்க்கைக் குறைச்சுட்டாராம். அவன் பேர் ஞாபகம் வரலன்னு கடைசியில ரெண்டு தடவை சொல்றார்.

மாமா: அந்தத் துணி விழாப் பந்தல்ல நல்லா எடுப்பாத்தான் இருந்துச்சு மாமா. நான் பாத்திருக்கேன்.

யாழினி: தாத்தா, 1937 ஏப்ரல் 26 கெர்னிகாங்கிற அந்த ஊர் மேல ஜெர்மன் விமானங்களும் இத்தாலி விமானங்களும் குண்டு போட்டுச்சு. பிக்காசோ அப்ப பாரிஸ்ல. அவரே அதைச் செய்தித்தாள்லதான் படிச்சார். அதான் படமும் செய்தித்தாள் மாதிரி. இன்னொண்ணு, வரையும்போது நடுவுல கலர் காகிதத் துண்டுகளை ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் எடுத்துட்டார். அவருக்கும் ஒரு நிமிஷம் கலர் யோசனை வந்திருக்கு.

தாத்தா: ஆறுதல் சொல்லாதே. அகலம் எவ்வளவு?

யாழினி: 7.77 மீட்டர். உயரம் 3.49.

தாத்தா: இருபத்தைந்தரை அடி. எங்களுக்குக் காடாத் துணி பதினைந்தடிதான் கிடைத்தது.

*திங்கள், 29 செப்டம்பர்*

அம்மா (காலை 10:15): வண்டி எடுத்தாச்சு. அவர் ஓட்டுறார். யாரும் போன் பண்ணாதீங்க. ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கையில, ரோடுல வலப்பக்கமா போகணும். இண்டிகேட்டர் குச்சியும் வைப்பர் குச்சியும் இடம் மாறி இருக்கு. திரும்பற இடத்துல எல்லாம் வைப்பர் ஓடுது.

மாமா: மாப்ள, மழை வர்ற மாதிரி முகத்தை வெச்சுக்கோ. பின்னாடி வர்றவன் நம்பிடுவான்.

அம்மா: ரவுண்டானாவுல மூணு சுத்து சுத்தினோம். அகிலன் கோயில் பிரகாரமான்னு கேக்கறான்.

யாழினி (மாலை 4:30): டொலேடோ. மேப் சொன்னதைக் கேட்டு ஒரு சந்துக்குள்ள போய், ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி, நான் இறங்கி வா வா சொல்லி வெளிய எடுத்தோம். சாந்தோ தோமே சர்ச்சுல எல் கிரேகோ வரைஞ்ச, ஒரு பிரபுவை அடக்கம் பண்ற படம் பாத்தோம் தாத்தா. முன்னாடி ஒரு பையன் கை நீட்டுறானே, அவர் பையன். கைக்குட்டையில அவன் பொறந்த வருஷம் 1578.

தாத்தா: அது எனக்குத் தெரியாது. நன்று.

அம்மா: பாதாம் மிட்டாய் வாங்கியிருக்கேன் அண்ணி. மசபான். வெறும் பாதாமும் சர்க்கரையும்தான், கேட்டுட்டேன்.

*செவ்வாய், 30 செப்டம்பர்*

யாழினி (காலை 9:50): கோர்தோபா. மெஸ்கிதாங்கிற பழைய மசூதிக்குள்ள எட்டரைக்கே போயிட்டோம், ஒரு மணி நேரம் இலவசம். தூணு, தூணு, தூணு. 856 தூண். மேல சிவப்பும் வெள்ளையும் மாத்தி மாத்தி வளைவு, வளைவுக்கு மேல இன்னொரு வளைவு. அகிலன் 211 வரைக்கும் எண்ணிட்டுப் பசிக்குதுன்னுட்டான்.

மாமா: ஏன் ரெண்டு வளைவு?

யாழினி: முதல்ல கட்டின பகுதியில தூண் பெரும்பாலும் பழைய கட்டடங்கள்லேருந்து எடுத்தது, குட்டை. கூரை உயரம் வேணும். அதான் ஒண்ணுக்கு மேல ஒண்ணு.

மாமா: இருக்கற சாமானை வெச்சு உயரம் கொண்டு வந்திருக்கான். கெட்டிக்காரன். எட்டாம் நூற்றாண்டா?

யாழினி: ஆமா மாமா. அப்புறம் 16ஆம் நூற்றாண்டுல நடுவுல தூண்களை எடுத்துட்டு ஒரு கதீட்ரலை நட்டு வெச்சிருக்காங்க. வரிசையா நடந்துக்கிட்டே இருக்கும்போது திடீர்னு தங்கமும் தேவதைகளுமா. எனக்குப் பிடிக்கல. அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு.

அம்மா: வெளிச்சமா இருந்துச்சு. அவ்வளவுதான் சொன்னேன்.

*புதன், 1 அக்டோபர்*

அம்மா (மதியம் 3:20): செவியா. மீன் இல்லாம எனக்கு இங்க ஒரு சாலட் கிடைக்கல. சின் கார்னேன்னு சொல்லப் பழகினேன், கறி வேணாம்னு அர்த்தம். சரி சரின்னு தலையாட்டிட்டு சூரை மீனைத் தூவிக் கொண்டு வர்றார். கேட்டா, அது கார்னே இல்ல, பெஸ்காடோங்கிறார்.

கார்த்தி: லாஜிக் சரிதான் அத்தை

அம்மா: கடைசியில பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டு ஒண்ணு கிடைச்சுது. இந்த ஊர் அயிட்டமாம். ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

அத்தை: அது நம்ம வீட்டுலயே இருக்கே.

யாழினி: தெரு பூரா ஆரஞ்சு மரம் அத்தை. இப்ப காய்தான். பழுத்தாலும் கசக்குமாம். இங்கிலாந்துக்கு மார்மலேடு போட அனுப்பறாங்க.

அத்தை: நார்த்தங்காய் மாதிரி உப்புப் போட்டுக் காய வைக்கத் தெரியல அவங்களுக்கு.

அப்பா: அத்தான், ஹிரால்டா கோபுரத்துல 35 சரிவுப் பாதை, கடைசியில மட்டும் கொஞ்சம் படிக்கட்டு. அந்தக் காலத்துல பாங்கு சொல்றவர் குதிரையிலேயே மேல போவாராம். என் முட்டி தப்பிச்சுது.

*வியாழன், 2 அக்டோபர்*

அம்மா (மாலை 6:45): கிரனாடா வந்தும் அல்ஹம்ப்ரா கோட்டைக்குள்ள போகல. டிக்கெட் முன்னாடியே தீர்ந்துருமாம். அரண்மனைக்குள்ள போக நேரம் குறிச்ச டிக்கெட், பாஸ்போர்ட் நம்பரோட. யார் பதிவு பண்றேன்னு சொன்னதுன்னு நான் கேக்கப் போறதில்ல.

அப்பா: அன்னைக்கு நெட் போயிடுச்சு.

அம்மா: கேக்கலன்னுதானே சொன்னேன்.

யாழினி: எதிர் மேட்டுல சான் நிகோலாஸ்னு ஒரு இடம், அங்கேருந்து பாத்தோம். சாயந்தர வெயில்ல கோட்டை மொத்தமும் செங்கல் சூளை மாதிரி சிவந்து நிக்குது. உள்ள சிங்க முற்றத்துல இருக்கற பன்னெண்டு சிங்கம் மட்டும் மனசுல கணக்குல வெச்சுக்கிட்டேன்.

கார்த்தி: சாப்பாடு?

யாழினி: இந்த ஊர்ல ஒரு ஜூஸ் சொன்னா கூடவே ஒரு குட்டித் தட்டு சும்மா தர்றாங்க. கத்திரிக்காயை வறுத்து மேல கரும்புப் பாகு ஊத்தி ஒண்ணு இருக்கு. அதை மட்டும் காசு குடுத்து வாங்கினோம். அம்மா கோபம் அதோட பாதி போச்சு.

*வெள்ளி, 3 அக்டோபர்*

அப்பா (இரவு 9:30): கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். வலென்சியா வந்தாச்சு. நாலு நாளா ஒலிவ மரமும் ரோட்டோரக் கறுப்புக் காளை போர்டும் பாத்துப் பாத்துக் கண் பூத்துப் போச்சு. இன்னைக்கு ஒரே ஒரு தடவைதான் வைப்பர்.

*சனி, 4 அக்டோபர்*

யாழினி (மதியம் 2:50): [படம்] இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்

மாமா: நெல்லு!

யாழினி: ஆமா! வலென்சியாவுக்குப் பக்கத்துல அல்புஃபேரான்னு பெரிய ஏரி. சுத்தி வயல். அறுப்பு முடிஞ்சும் முடியாமலும் இருக்கு. அறுப்பு மிஷின் பின்னாடியே கொக்கு.

மாமா: இங்கயும் குறுவை அறுப்புதான். நேத்து மழை, நெல்லு ரோட்டுல கிடக்கு. அங்க வெயிலா?

அப்பா: பளீர்னு வெயில் அத்தான்.

மாமா: குடுத்து வெச்சவன்.

அம்மா: இதான் அந்த பயேயா. ஊர்க்காரங்க முயலும் கோழியும் பீன்ஸும் போட்டுச் செய்வாங்களாம், மதியத்துக்கு மட்டும். எங்களுக்குக் காய்கறி போட்டுச் செஞ்சாங்க. சட்டி இல்ல அண்ணி, தாம்பாளம் மாதிரி அகலமா, ஆழமே இல்லாம. சோறு ஒரு விரல் கனம்தான். கிண்டவே மாட்டாங்க.

அத்தை: கிண்டலன்னா அடி பிடிக்குமே.

அம்மா: அதுக்குத்தான் சண்டையே! அடியில பிடிச்சதுக்கு சொக்கராத்னு பேர். அதைச் சுரண்டித் தின்னத்தான் எல்லாரும் காத்திருக்காங்க.

அத்தை: காந்தல்!! எங்க அம்மா வெண்கலப் பானையில சுரண்டி உருண்டை பிடிச்சுத் தருமே. செந்திலுக்குத்தான் பெரிய உருண்டை, அழுதே வாங்கிடுவான்.

அப்பா: இன்னைக்கும் எனக்குத்தான் பெரிய பங்கு.

யாழினி: அழல. ஆனா கரண்டியை விடவே இல்ல.

அம்மா: கோரைக்கிழங்குப் பால் குடிச்சோம். நம்ம கோரைக்குச் சொந்தக்காரச் செடியாம். வயல்ல பிடுங்கி எறியற களைக்கு இங்க தனிக் கடை.

*ஞாயிறு, 5 அக்டோபர்*

அப்பா (மதியம் 1:15): பார்சிலோனா. வலென்சியாலேருந்து டோலே இல்ல அத்தான், சில வருஷம் முன்னாடி எடுத்துட்டாங்க. சக்ராதா ஃபமீலியா சர்ச்சை வெளியிலேருந்து பாத்தோம். 1882-ல ஆரம்பிச்சது, இன்னும் கிரேன் நிக்குது.

மாமா: காண்ட்ராக்டர் யாரு?

யாழினி (மாலை 4:40): தாத்தா, பிக்காசோ மியூசியம். 1957-ல லாஸ் மெனினாஸை எடுத்து வெச்சுக்கிட்டு வரிசையா 58 கேன்வாஸ் வரைஞ்சிருக்கார். எல்லாம் இங்கதான். நடுவுல அலுத்துப்போய் ஜன்னல் புறாவையும் வரைஞ்சிருக்கார். [படம்]

யாழினி: இது நான் வரைஞ்சது. லாஸ் மெனினாஸ்ல முன்னாடி ஒரு பெரிய நாய் இருந்ததுல்ல? அதைத் தூக்கிட்டு, தன்னோட வளர்ப்பு நாயைப் போட்டுட்டார். குட்டைக் கால், நீள உடம்பு. பேரு லும்ப்.

தாத்தா: நிறம்?

யாழினி: பின்னாடி வர்றதுல சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் இருக்கு. ஆனா முதல் படம், பெருசு, முழுக்கச் சாம்பல்.

தாத்தா: வெலாஸ்கஸ் வண்ணத்தில் வரைந்ததை?

யாழினி: ஆமா தாத்தா.

தாத்தா: அவருக்கு மதிப்பெண் போட்டது யார்?

கார்த்தி: யாரும் குறைச்ச மாதிரி தெரியல தாத்தா

அத்தை (மாலை 5:30): தாத்தா பரணைத் திறக்கச் சொல்றார். 1984 ஆண்டு விழா குரூப் போட்டோ வேணுமாம், இப்பவே. ராத்திரி ஒன்பது மணிக்கு. மாமா ஏணியில நிக்கிறார், நான் பிடிச்சுக்கிட்டு ஒரு கையில டைப் பண்றேன்.

அம்மா: அண்ணி பாத்து!

மாமா (மாலை 5:52): [படம்] கிடைச்சுது. பாதி பூச்சி அரிச்சிருக்கு. மூணாவது வரிசை, இடப்பக்கத்துலேருந்து நாலாவதாம். யாருன்னு கேட்டா, கண்ணாடியை எடுத்துட்டு வாங்கிறார்.