பலனாப்சிஸ் ஆர்க்கிட்: மூணாவது இலை தண்டுப் பக்கத்திலிருந்து மஞ்சளாகுது, வெட்டலாமா?

வணக்கம். இடம் பாளையங்கோட்டை. கிழக்கு ஜன்னலோரம், வீட்டுக்குள், உள்ளே வேர் தெரியும் 5 அங்குலக் கண்ணாடி நிறத் தொட்டி. ஆறு இலையில் இப்போ நாலுதான் மிச்சம்.

ஆறு வாரத்தில் அடியிலை ரெண்டு மஞ்சளாகி, சுருங்கி, தானாகக் கழன்றது. ரெண்டும் நுனியிலிருந்துதான் பழுத்தது. வயசான இலை, சத்தைச் செடியே திருப்பி எடுத்துக்கிடும்னு தொடவில்லை. மூணாவது இலைதான் கவலை. தண்டை ஒட்டி ஒரு அங்குலம் மஞ்சள், நுனி இன்னும் பச்சை. நாலு நாளாகுது. கறுப்பு இல்லை, வாடை இல்லை, அமுக்கினால் தண்டு கெட்டியாக இருக்கு. குருத்திலும் தண்ணி தேங்கவில்லை, ஈரமில்லாமல் இருக்கு.

செய்து பார்த்தது: தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்ததில் ரெண்டு வேர் உள்ளே கூடாயிருந்தது, வெட்டியாச்சு. மற்றவை நனைத்தால் பச்சையாகுது. பழைய தேங்காய் மட்டைத் துண்டுகள் மக்கி, போர் தண்ணி உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. புது மட்டைத் துண்டும் கரியும் சம அளவில் போட்டு, ஆர்.ஓ. தண்ணிக்கு மாற்றி மூணு வாரம். அஞ்சு நாளுக்கொரு தடவை பத்து நிமிஷம் ஊறவைத்து முழுசா வடிப்பது. லிட்டருக்கு அரை கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவு) உரம் கொடுத்துவந்தது, இப்போ நிறுத்தியிருக்கு. இலையடியில் மாவுப்பூச்சி, சிலந்திப்பேன் எதுவும் இல்லை. மதியம் அறைக்குள் 34 டிகிரி, மேல்காற்று வறட்டுது.

இந்த இலையைச் சுட்ட பிளேடால் இப்பவே வெட்டி, வெட்டுவாயில் சமையல் பட்டைத்தூள் (லவங்கப்பட்டை) தடவணுமா, இல்லை தானா விழும்வரை விடலாமா?