இலவச பஸ்ஸில் மிச்சமாகும் 888 ரூபாய்: இது பொருளாதாரப் பயனா?

கணக்குப்பிள்ளை:
தமிழ்நாட்டில் பெண்களுக்கான இலவச பஸ் திட்டமான விடியல் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது மாநிலத் திட்டக் குழு ஆய்வு. எல்லோரும் இதையே பொருளாதாரப் பயன் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெண் கொடுக்காத டிக்கெட் காசைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு கொடுக்கிறது. இந்தப் பையில் இருந்தது அந்தப் பைக்குப் போனால் அது புதுப் பயனா?

வெள்ளைப்பலகை:
யாருடைய பை என்று பார்க்க வேண்டாமா? உங்களுக்கு 888 ரூபாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டன். வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கு கேஸ் சிலிண்டர்.

கணக்குப்பிள்ளை:
நான் சைவம். அப்புறம், ஏழைக்குப் போவது நியாயம் என்றால் நியாயம் என்றே சொல்லுங்கள், மறுக்கவில்லை. பயன் என்று எழுத வேண்டியது, திட்டம் தொடங்கிய மே 2021க்கு முன் நடக்காத பயணங்களை. அதற்கும் முழு டிக்கெட் விலை போடக் கூடாது. 10 ரூபாய் கேட்டபோது ஏறாதவருக்கு அந்தப் பயணத்தின் மதிப்பு 10க்குக் கீழே, 0க்கு மேலே எங்கோ. அதனால் சராசரியாகப் பாதி போடுவார்கள். பாலங்களை வைத்து டூபுயி என்ற பிரெஞ்சு எஞ்சினியர் 1844லேயே இந்த வழியில் யோசித்திருக்கிறார்.

வெள்ளைப்பலகை:
10 ரூபாய் கொடுக்க மனமில்லாதவரும், காலையில் கையில் 10 ரூபாய் இல்லாதவரும் உங்களுக்கு ஒன்றா? எங்கள் சித்தி திருப்பூரில் நடக்கிற தூரத்து கம்பெனியில் துணி செக்கிங் பார்த்தார். இரண்டு பஸ் மாறிப் போனால் வேறு கம்பெனியில் கூலி அதிகம், டிக்கெட் போகவும் மிஞ்சும். ஆனாலும் போகவில்லை. கூலி சனிக்கிழமை, பஸ் காசு தினமும். இலவசம் வந்த பிறகுதான் மாறினார். இதில் எங்கே பாதி?

ஸ்டாப்பில்நிற்பவன்:
இருவருமே பஸ் வந்துவிட்டதாக வைத்துப் பேசுகிறீர்கள். இலவசம் பெரும்பாலும் சாதாரண நகரப் பேருந்தில்தான். எங்கள் ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் நிறுத்தாமல் போகிற வண்டியும் உண்டு. காத்திருக்கும் நேரத்தைப் பயனிலிருந்து யார் கழிப்பது?

கணக்குப்பிள்ளை:
சனிக்கிழமைக் கூலி விஷயம் சரி, அங்கே என் பாதிக் கணக்கு நிற்காது. ஆனால் நேரத்தைக் கழித்தே ஆக வேண்டும். சித்தி இப்போது எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்?

வெள்ளைப்பலகை:
போன் போட்டுக் கேட்டேன். முன்பை விட ஒரு மணி நேரம் தாமதம். கழித்துக்கொள்ளுங்கள். மணிக்கு எவ்வளவு என்று போடப் போகிறீர்கள்: செக்கிங் கூலியா, உங்கள் சம்பளமா?