மாரல் டைலமா: தருமசங்கடம் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மருத்துவ அறவியல் கையேடு ஒன்றின் சொல்லடைவுக்கு ‘மாரல் டைலமா’வுக்கு (இரண்டு கடமைகள் மோத, எதைச் செய்தாலும் மற்றது தவறும் நிலை) ஈடான சொல் வேண்டும். வரைவில் தருமசங்கடம், அறச்சிக்கல், அறநெருக்கடி, இருதலைக்கொள்ளி நிலை என்று நான்கும் கலந்து கிடக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கவேண்டும். பேச்சில் ஊறிப்போன தருமசங்கடமே போதும், புதுச்சொல் எதற்கு என்பது என் கட்சி. மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

———

> பேச்சில் ஊறிப்போன தருமசங்கடமே போதும்

ஊறிப்போனதுதான் ஐயா தொல்லை. கடன் கொடுத்தவர் எதிரே வந்துவிட்டால் ‘தருமசங்கடமாப் போச்சு’ என்கிறோம். முகத்துக்கு நேரே யாராவது புகழ்ந்தாலும் அதேதான். அங்கே எந்தத் தருமமும் எதனோடும் மோதவில்லை, வெறும் கூச்சம். ‘செவிலியர் தருமசங்கடத்துக்கு உள்ளானார்’ என்று கையேட்டில் படிப்பவர், அவர் நெளிந்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அறச்சிக்கல் மிக அகலம். லஞ்சம் வாங்கலாமா என்று ஒருவர் மனம் அலைவதும் அதில் அடங்கிவிடும். அங்கே கடமை ஒன்றுதான்; எதிரே நிற்பது ஆசை. அறநெருக்கடி என்றால் நேரம் குறைவு என்ற சாயல் ஏறுகிறது. ஆற அமர ஆறு மாதம் யோசித்தாலும் தீராதவை உண்டே.

இருதலைக்கொள்ளி அழகான பழம்படிமம். அகநானூறு 339இல் இருபுறமும் எரியும் கொள்ளியின் நடுவே எறும்பு தவிக்கிறது (‘உறவி’ என்பது அங்கே அதன் பெயர்). ஆனால் அந்த எறும்பு எந்த முனைக்கும் கடன்பட்டதில்லை, தப்பவேண்டும், அவ்வளவே. நமக்குப் பொருந்துவது நற்றிணை 284. பொருள்தேடக் காதலியைப் பிரிந்து போனவனிடம், அவளிடம் திரும்பிப் போ என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையை அரைகுறையாய் விட்டால் இழிவு என்கிறது அறிவு. இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் புரிதேய்ந்த பழங்கயிறுபோல் நடுவே உடம்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் கயிறு தேய்கிறது. அதிலிருந்து என் முன்மொழிவு: அற இழுபறி.

வரையறைக்கு மூன்று நிபந்தனை வைக்கலாம். இரண்டு கடமைகள் ஒருவர்மேல் இருக்கின்றன. தனித்தனியே எதையும் அவரால் செய்யமுடியும். இரண்டையும் சேர்த்துச் செய்யமுடியாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல்லைத் தேடவேண்டும்.

———

இரண்டு ஆட்சேபம்.

முதலாவது, இழுபறி என்றால் நாளிதழ் வழக்கில் ‘இன்னும் முடிவாகவில்லை’. வாக்கு எண்ணிக்கையில் இழுபறி, பேச்சுவார்த்தையில் இழுபறி. முடிவெடுத்த பிறகும் டைலமா டைலமாவாகவே நிற்கக்கூடும்.

இரண்டாவது பெரியது. உங்கள் முதல் நிபந்தனையே ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டை வெளியே தள்ளிவிடுகிறது. கடமைகள் ஒன்றோடொன்று மோதவே மாட்டா, கடமைக்கான காரணங்களே மோதும் என்று அவர் 1797இல் எழுதினார். அவர் கணக்கில் தோற்ற பக்கம் கடமையே அன்று. வரையறையிலேயே ஒரு கோட்பாட்டுக்குச் சார்பாகத் தீர்ப்பு எழுதிவிட்டால், மாணவர் எல்லாக் கோட்பாட்டையும் பொருத்திப் பார்ப்பது எப்படி? (யாராவது ‘கடமைமுரண்’ என்று சொல்லவருமுன் இதை மனத்தில் வையுங்கள்.)

பிரிட்டிஷ் தத்துவஞானி ராஸ் 1930இல் இதற்கு ஒரு வழி கண்டார். ‘ப்ரைமா ஃபேசி’ கடமை என்பது வேறொரு கடமை விஞ்சாதவரை கட்டுப்படுத்துவது. இதை ‘மேலோட்டக் கடமை’ என்று பெயர்ப்பது தவறு. வெறும் தோற்றம் என்ற பொருள் வந்துவிடும் என்று அவரே அந்தத் தொடருக்காக வருத்தப்பட்டிருக்கிறார். நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘முகாந்திரம்’ ஆதாரத்தைப் பற்றியது, அதுவும் ஒட்டாது. ராஸே தந்த மாற்றுப் பெயரைத் தழுவி ‘நிபந்தனைக் கடமை’ என்றால் சரியாக இருக்கும். முதல் நிபந்தனையில் கடமை என்ற இடத்தில் இதைப் போடுங்கள்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்போம். பயிற்சிப் பகுதியிலிருந்து: பேருந்து ஓட்டுநர். 3 வாரத்துக்குமுன் வலிப்பு வந்திருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறார்.

விளைவுநோக்கில் (நன்மை தீமைகளை எடைபோட்டு முடிவெடுப்பதில்) மாணவர் செய்யும் வழக்கமான பிழை, பேருந்தில் இருப்பவர்களை மட்டும் எண்ணுவது. மருத்துவர் வெளியே சொல்லிவிடுவார் என்று தெரிந்தால் மற்ற ஓட்டுநர்கள் வலிப்பையே மறைப்பார்கள். அதையும் தட்டில் போடவேண்டும். கடமைநெறியில் (எல்லோரும் பின்பற்றும் விதியாக நிற்குமா என்று பார்ப்பதில்) பிழை வேறு மாதிரி: வேண்டிய விடைக்கு ஏற்ப விதியை வெட்டித் தைப்பது. ‘நோயாளி சொன்னதை வெளியிடலாம்’ என்று எழுதினால் விதி உடனே விழும். ‘பிறர் உயிருக்குக் கண்கூடான ஆபத்து இருந்து, நோயாளியிடம் முதலில் சொல்லியும் அவர் மறுத்தால்’ என்று எழுதினால் நிற்கும். இரண்டு வடிவத்தையும் அருகருகே எழுதச் சொன்னால் தில்லுமுல்லு தெரிந்துவிடும். பண்புநெறி (நல்ல குணமுள்ளவர் எப்படி நடப்பார் என்று கேட்பது) ‘எதை’ என்பதைவிட ‘எப்படி’ என்பதில் உதவும்: ஒளிந்து புகார் செய்வதா, முகம்பார்த்துச் சொல்வதா?

இவ்வளவும் விவரம் திரட்டிய பிறகுதான். வண்டி ஓட்டுவதை அவர் ஏற்கெனவே நிறுத்திவிட்டாரா என்று கேட்காமலே பாதிப்பேர் கோட்பாட்டுக்குத் தாவுகிறார்கள். நிறுத்தியிருந்தால் மூன்றாம் நிபந்தனை விழுகிறது, இழுபறியே இல்லை. சட்டத்தையும் பார்க்கவேண்டும்: உரிமம் தரும் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது சில இடங்களில் மருத்துவர் பொறுப்பு, சில இடங்களில் நோயாளி பொறுப்பு. சட்டம் சொல்லிவிட்டதால் இழுபறி தீர்ந்தது என்று எழுதுவோருக்கு மதிப்பெண் தரவேண்டாம்.

எழுதிப் பார்த்ததில் ஒப்புக்கொள்ளவேண்டியது: ‘இழுபறி’ இந்த வாக்கியங்களில் உறுத்தவில்லை. என் முதல் ஆட்சேபம் பாதி கரைந்தது.

———

மீதிப் பாதிக்கு இன்னொரு சொல் வேண்டும். ‘நிபந்தனைக் கடமை’ திருத்தத்தை ஏற்கிறேன்.

அலுவலகத்துக்குத் தெரிவிப்பது என்றே முடிவாகிறது என்று வைப்போம். ரகசியம் காக்கும் கடமை தோற்றது; ஆனால் மறைந்துவிடவில்லை. அதனால்தான் தேவையான ஒரு விவரத்தை மட்டும், தேவையான ஓர் இடத்துக்கு மட்டும் சொல்கிறோம், நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறோம், வருத்தம் சொல்கிறோம், சிகிச்சையைத் தொடர்கிறோம். இந்த மிச்சத்துக்கு ‘மாரல் ரெசிட்யூ’ என்று பெயர். ‘அற எச்சம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பெயரெச்சம், பறவை எச்சம் எல்லாம் கூடவே வந்து நிற்கும். தவிர, எச்சம் தானாக மிஞ்சுவது. இதுவோ கொடுத்துத் தீர்க்கவேண்டிய பாக்கி. எனவே அற நிலுவை. ‘இழுபறி முடிந்தது, நிலுவை இருக்கிறது’ என்று எழுதலாம். முடிவுக்குப் பிறகு நிற்பது எது என்ற உங்கள் கேள்விக்கும் அதுவே விடை.

நோயாளியிடம் சொல்லாமல் இரண்டு வரிக் கடிதம் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுபவரும் சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார். அவர் செய்த தவறைச் சுட்ட, நிலுவை என்ற சொல் இல்லாமல் மதிப்பீட்டுத் தாளில் எழுத வழியில்லை.

———

என் கட்சியைக் கைவிடுகிறேன். சொல்லடைவில் அற இழுபறி, அற நிலுவை, நிபந்தனைக் கடமை மூன்றும் ஏறுகின்றன. அறநெருக்கடி, அவசரப்பிரிவு பற்றிய இயலில் நேரம் குறைவு என்ற பொருளிலேயே இருக்கட்டும். அறச்சிக்கலைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்கிறேன். தருமசங்கடத்தை, நோயாளியின் உறவினர் பேசுவதாக வரும் இரண்டு இடங்களில் மட்டும் விட்டுவைக்கிறேன். அவர்கள் கூச்சத்தைத்தான் சொல்கிறார்கள்.