அதே சிடி, அதே டாக்: கணினியில் கேட்டால் மட்டும் ஏன் வேறு மாதிரி?

பழையவட்டு:
இருக்கிற சிடி எல்லாவற்றையும் ரிப் செய்து, அதாவது படித்தெடுத்து, ஃப்ளாக் என்கிற லாஸ்லெஸ் (தரம் குறையாத) கோப்பாகக் கணினியில் ஏற்றிவிட்டேன். டாக் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக்கும் DAC பெட்டி), ஆம்ப், ஸ்பீக்கர் எதுவும் மாறவில்லை. சிடி பிளேயரின் டிஜிட்டல் அவுட்டை டாக்கில் செருகினால் குரல் நடுவில் நின்று பாடுகிறது, கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக வந்தால் அதே பாட்டு பல இடங்களில் காதைக் குத்துகிறது. லாஸ்லெஸ் என்றால் எதுவுமே போகாது என்கிறீர்களே, அப்புறம் இது என்ன? இசைக்கென்றே செய்த பெட்டியை நூறு வேலை பார்க்கிற பெட்டி ஜெயிக்காது என்பதுதான் என் கட்சி.

நிரலன்:
டேட்டா எதுவும் போகவில்லை, அதில் சந்தேகமே வேண்டாம். சிடியில் இருப்பது விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல், ஆக விநாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். ஃப்ளாக் அதை ஏறக்குறைய பாதிக்குச் சுருக்கி வைக்கிறது, ஒலிக்கும்போது ஒரு பிட் பிசகாமல் விரிக்கிறது. மூல ஒலியின் எம்டி5 (டேட்டாவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) கோப்புக்குள்ளேயே இருப்பதால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். ரிப்பே தப்பாக இருந்தால் என்று கேட்பீர்கள். அதற்கு அக்யூரேட்ரிப் இருக்கிறது, அதே சிடியை ரிப் செய்த மற்றவர்களின் செக்சம்மோடு (இதுவும் ஒரு சரிபார்ப்பு எண்தான்) உங்களுடையது பொருந்தினால் விஷயம் முடிந்தது. சொல்லப்போனால் சிடி பிளேயருக்குத்தான் இந்தக் கொடுப்பினை இல்லை. தடத்தில் சுமார் 2.5 மிமீ வரை கெட்டுப்போனாலும் பிழைதிருத்தம் முழுதாக மீட்டுவிடும், அதைத் தாண்டினால் பக்கத்து சாம்பிள்களை வைத்து ஊகமாக நிரப்பிக்கொண்டு ஓடிவிடும், உங்களுக்குச் சொல்லக்கூட செய்யாது. ரிப் செய்யும் மென்பொருளுக்கு அவசரம் இல்லை, சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்.

விண்டோஸா? செட்டிங் என்ன?

பழையவட்டு:
விண்டோஸ்தான். எதையும் தொட்டதில்லை. சிடி பிளேயரில் தொட வேண்டிய செட்டிங்கே கிடையாது என்பதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரலன்:
சேர்த்துக்கொண்டேன், அது நியாயமான புள்ளிதான். ஆனால் உங்கள் குத்தலுக்கு முதல் சந்தேக நபர் அங்கேயே இருக்கிறார். விண்டோஸ் தானாக விட்டால் எல்லா மென்பொருளின் சத்தத்தையும் ஒரே மிக்சரில் கலந்துதான் வெளியே அனுப்பும். அந்த மிக்சர் 48 கிலோஹெர்ட்சில் இருந்தால் உங்கள் 44.1 (சிடியின் அந்த 44,100 சாம்பிள்தான்) அங்கே மறுபடி கணக்கிடப்படுகிறது, ‘ஒலி மேம்பாடு’ என்று ஏதாவது டிக் ஆகியிருந்தால் கேட்கவே வேண்டாம். வாசாபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஆசியோ என்கிற நேரடி வழியில் விடுங்கள், மிக்சர் விலகிக்கொள்ளும்.

ஓம்விதி:
பிட் பிட் என்றே பேசுகிறீர்கள். அந்த பிட் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒன்று இருக்கிறதே சார்? ஜிட்டர், அதாவது அந்த நேரம் பிசகுவது! கணினிக்குள் இருக்கிற மின் இரைச்சல் முழுக்க யுஎஸ்பி கேபிள் வழியாக டாக்கின் கிரவுண்டுக்குப் போகிறது, அதை எந்த செக்சம் பிடிக்கும்?

நிரலன்:
இரண்டும் வேறு வேறு. ஜிட்டர் கதையில் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிராக நடக்கிறது. அசிங்க்ரனஸ் யுஎஸ்பியில் கடிகாரம் டாக்குக்குள் இருக்கிறது, டாக்தான் கணினியிடம் வேண்டிய வேகத்தில் டேட்டாவைக் கேட்டு வாங்குகிறது. சிடி பிளேயரின் எஸ்பிடிஐஎஃப் அவுட்டில் (நீங்கள் சொன்ன டிஜிட்டல் அவுட்) டாக் எதிர்முனையின் கடிகாரத்தை சிக்னலிலிருந்தே பிரித்தெடுக்க வேண்டும். கிரவுண்டு இரைச்சல் உண்மைதான், லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று வரும், சார்ஜரைக் கழற்றினால் போய்விடும். ஆனால் அது ஹம், உறுமல். குரலைக் கூராக்கும் வேலையை அது செய்யாது.

மெல்லிசை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழையவட்டு, எல்லா சிடியும் குத்துகிறதா, இல்லை குறிப்பிட்ட சிலதா?

பழையவட்டு:
நல்ல கேள்வி. புதியவை அவ்வளவாக இல்லை. 80களில் ஜப்பானில் அச்சான மேற்கத்திய செவ்விசை சிடிகள்தான் மோசம்.

மெல்லிசை:
அப்படியானால் ப்ரீ-எம்பசிஸாக இருக்கலாம். ஆரம்பகால சிடிகள் சிலவற்றில் உயர் அலைவரிசைகளைத் தூக்கிப் பதிவு செய்வார்கள், மேல் கோடியில் 9 டெசிபல்லுக்கும் மேலே போகும், ஒலிக்கும்போது அதை இறக்கச் சொல்லி சிடியில் ஒரு கொடி (அடையாளக் குறி) இருக்கும். அந்தக் கொடி டிஜிட்டல் அவுட்டிலும் கூடவே வரும், உங்கள் டாக் அதைப் பார்த்து இறக்குகிற வகை போலிருக்கிறது. ரிப் செய்யும்போது கொடி தொலைந்துவிடுகிறது, தூக்கிய ஒலி தூக்கியபடியே நிற்கிறது. சில சிடிகளில் கொடி பொருளடக்கப் பகுதியில் இல்லாமல் சப்கோடில் (ஒலியோடு கூடவே ஓடும் துணைக் குறிப்புகளில்) மட்டும் இருக்கும், எல்லா மென்பொருளும் அதைக் கவனிப்பதில்லை.

பழையவட்டு:
ஆக, செக்சம் பச்சை விளக்கு காட்டியது, ஒலி தப்பாக வந்தது. பழைய பெட்டிக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியவில்லை. நிரலன், ‘விஷயம் முடிந்தது’ என்றீர்களே?

நிரலன்:
சாம்பிள்கள் இப்போதும் சரிதான் ஐயா. கொடி ஒலி டேட்டாவின் பகுதி இல்லை, அக்யூரேட்ரிப் அதை ஒப்பிடுவதும் இல்லை. சோக்ஸ் என்கிற மென்பொருளில் டிஎம்பசிஸ் (தூக்கியதை இறக்குவது) ஒரு முறை ஓட்டினால் கோப்பு ஆயுசுக்கும் சரியாக இருக்கும். உங்கள் பிளேயரின் லேசர் பிக்கப் போனால் அதே மாடல் பாகம் எங்கே தேடுவீர்கள்?

பழையவட்டு:
உங்கள் ஹார்ட் டிஸ்க் போகிற அன்று சொல்லுங்கள், நான் சிடியைக் கடன் தருகிறேன். செட்டிங்கை மாற்றிப் பார்க்கிறேன், பிளேயரை விற்கப் போவதில்லை.

ஓம்விதி:
அதெல்லாம் மாற்றின பிறகும் பிளேயர்தான் நன்றாக இருக்கும், பந்தயம்.

நிரலன்:
பந்தயம் சரி, ஆனால் இரண்டு பக்கமும் சத்த அளவை மீட்டர் வைத்துச் சமமாக்குங்கள். அரை டெசிபல் கூடினாலே சத்தமாக இருப்பதுதான் ‘தெளிவு’ என்று காது சொல்லிவிடும். மாற்றுவது வேறொருவராக இருக்கட்டும், எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது.

மெல்லிசை:
பழையவட்டு, டிஎம்பசிஸ் செய்யும்போது 24 பிட்டாகச் சேமியுங்கள், 16க்கே வேண்டுமென்றால் டிதர் (பிட்டைக் குறைக்கும்போது பிசிறு தெரியாமலிருக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்துவிடுங்கள். அசல் ரிப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். கொடி இல்லாத சிடிக்குத் தெரியாமல் ஓட்டினால் ஒலி மங்கிப்போகும், அப்போது திரும்பிப் போக அதுதான் வழி.